கதவுக்கு உள்ளும் புறமும் சகோதரத்துவம்

மனிதன் மனிதனைச் 'சகோதரா' என்று அழைப்பது எளிது. அழைத்த வாய்க்கு ஒத்தவாறு கையும் காலும் நடப்பதே அரிது. உலகில் தோன்றிய சங்கங்கள் பல இச்சொல்லைத் தம் வாயிலில் எழுதி வைத்திருக்கின்றன. வாயிலைக் கடந்து தெருவிற்கும் சந்தைக்கும் சாப்பாட்டுப் பந்திக்கும் அதனைக் கொண்டு சென்றவை மிகச் சிலவே.

இதனை இங்கு எடுத்துக்கொள்ளக் காரணம், நம் உபாசகர் சிலர் கேட்டுவரும் ஒரு வினா. கல்வியாலும் உழைப்பாலும் உயர்ந்து வழக்கறிஞராகவும் மருத்துவராகவும் பொறியாளராகவும் விளங்கும் நம் இளைஞர் சிலருக்குப் பிரீமேசன் லாட்ஜுகளில் சேருமாறு நண்பர்களிடமிருந்து அழைப்பு வருகின்றது. "பௌத்தன் ஒருவன் அங்குச் சேரலாமா? அங்கே கற்பிக்கப்படும் நீதி நம் தம்மத்திற்கு இசைவானதா?" என்று அவர்கள் வினவுகின்றனர்.

இச்சங்கத்தைப் பற்றி ஊரில் இருவகைப் பேச்சு உண்டு. அது மந்திர தந்திரக்காரர் கூட்டம், உலகை மறைவில் ஆளச் சதி செய்யும் கூட்டம் என்பர் சிலர். மனித குலத்தின் மேன்மை முழுவதும் அங்கேதான் குடிகொண்டுள்ளது என்பர் வேறு சிலர். கேள்விப்பட்டதனாலேயே ஒன்றை ஏற்கவும் வேண்டா, தள்ளவும் வேண்டா. ஆராய்ந்து, நன்மை பயப்பதாயின் கொள்க என்பதே காலாமர்களுக்குப் பகவன் அருளிய அறிவுரை. அவ்வழியே நாமும் ஆராய்வோம்.

கொத்தர் சங்கம் தோன்றிய வகை

'பிரீமேசன்' என்னும் ஆங்கிலப் பெயரில் உள்ள 'மேசன்' என்பது கல் கொத்தும் கொத்தனைக் குறிப்பது. ஐரோப்பாவில் மாதா கோயில்களையும் கோட்டைகளையும் கட்டிய கற்கொத்தர் தமக்குள் தொழிற்கூட்டங்கள் அமைத்து வாழ்ந்தனர். வேலை நடக்குமிடத்தில் அவர்கள் தங்கிய கொட்டகைக்கே 'லாட்ஜ்' என்று பெயர். காலப்போக்கில், கல்லைத் தொட்டறியாத செல்வரும் கற்றோரும் இக்கூட்டங்களின் பெயரையும் சடங்கையும் தமதாக்கிக் கொண்டனர். 1717-ஆம் ஆண்டு இலண்டனில் நான்கு லாட்ஜுகள் கூடித் தலைமை லாட்ஜ் ஒன்றை நிறுவின என்பது அச்சங்கத்தார் கொண்டாடும் மரபு. 1723-இல் ஆண்டர்சன் என்னும் பாதிரியார் தொகுத்த சட்டநூல் வெளியாயிற்று. 1730-இல் கல்கத்தாவிலும், 1752-இல் சென்னையிலும் கும்பினியாரோடு இச்சங்கம் வந்து சேர்ந்தது. இந்தியாவுக்கென்று தனித் தலைமை லாட்ஜ் புதுதில்லியில் 1961-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள் அமைக்கப்பட்டது.

சதிக்கூட்டம் என்னும் பேச்சுக்கு நாம் செவிசாய்க்க வேண்டியதில்லை. இட்லர், முசோலினி, பிராங்கோ ஆகிய கொடுங்கோலர் மூவரும் இச்சங்கத்தைத் தடை செய்தனர். மாற்றாரை ஒழிக்க விரும்புவோர் முதலில் கையாளும் கருவி இத்தகைய வதந்தியே என்பதை, வதந்தியால் பெரிதும் துன்புற்ற நம்மக்கள் நன்கறிவர்.

கருவிகள் கற்பிக்கும் பாடம்

இச்சங்கத்தார் தம் உறுப்பினர்க்கு நீதி புகட்டும் முறை அழகியது. கொத்தனின் கருவிகளையே அவர்கள் நூலாகக் கொள்கின்றனர். புதிதாய்ச் சேர்ந்தவனுக்கு முதலில் 24 அங்குல அளவுகோல் காட்டப்படுகின்றது. அது நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கும். தொழிலுக்கு ஒரு பகுதி, இறைவழிபாட்டுக்கும் துன்புற்றார்க்கு உதவுதற்கும் ஒரு பகுதி, ஓய்வுக்கு ஒரு பகுதி என்று பகுத்து வாழ் என்பது அதன் பொருள். கல்லின் வேண்டாத முனைகளைத் தட்டி நீக்கும் சுத்தியல், மனத்தின் தீய பழக்கங்களைத் தட்டி நீக்குமாறு சொல்லும். மூலைமட்டம் ஒழுக்கத்தையும், ரசமட்டம் சமத்துவத்தையும், தூக்குக்குண்டு நேர்மையையும் உணர்த்தும். கரணையானது கல்லோடு கல்லைச் சாந்தினால் இணைப்பது போல, அன்பினால் மனிதரை இணைக்குமாறு சொல்லும். லாட்ஜில் கரடுமுரடான கல் ஒன்றும், செதுக்கி மெருகிட்ட கல் ஒன்றும் வைக்கப்பட்டிருக்கும். இன்று நீ முதற்கல். இரண்டாம் கல்லாக உன்னை நீயே ஆக்கிக்கொள் என்பது அவற்றின் உபதேசம்.

இவற்றைக் கேட்கும் பௌத்தனுக்கு வியப்பு எழாது. பழகிய குரல் கேட்டாற் போன்ற மகிழ்ச்சியே எழும். தச்சன் மரத்தையும், அம்பு செய்வோன் அம்பையும் திருத்துவதுபோல அறிவுடையோர் தம்மைத் தாமே திருத்திக் கொள்வர் என்னும் உவமை தம்மபதத்தில் உள்ளது. அளவுகோல் சொல்லும் காலத்தின் அருமையை, விழிப்போடு முயலுங்கள் என்னும் கருத்தமைந்த தம் இறுதி உபதேசத்தில் பகவன் அடக்கி வைத்தார். தூக்குக்குண்டு போல் நேராக நடப்பவர் என்னும் பொருளிலேயே சங்க வந்தனையில் சங்கத்தாரை 'உஜு' என்னும் சொல்லால் போற்றுகின்றோம். மூலைமட்டத்தை ஒவ்வொரு செயலிலும் வைத்துப் பார்க்கும் முறையை இளம் இராகுலனுக்குப் பகவன் கற்பித்தார். கண்ணாடி எதற்குப் பயன்படும் என்று கேட்டு, பார்த்துக் கொள்வதற்கு என்று விடை பெற்று, அதுபோல ஒரு செயலைச் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்து முடித்த பின்னும், இது எனக்கும் பிறர்க்கும் தீங்கு தருமா என்று பார் என அவர் கூறினார். மூலைமட்டத்தைச் சுவரில் ஒருமுறை வைத்துப் பார்த்தால் போதாது. கல் வைக்குமுன் ஒருமுறை, வைக்கும்போது ஒருமுறை, வைத்தபின் ஒருமுறை பார்க்கும் கொத்தனே நல்ல கொத்தன்.

ரசமட்டத்திற்கு நேரான சொல்லும் நம்மிடம் உண்டு. மக்களை ஒன்றுசேர்க்கும் நான்கு பண்புகளாகத் தானம், இன்சொல், பிறர்க்குப் பயன்படும் செயல், சமநிலை ஆகியவற்றைப் பகவன் வகுத்தார். நான்காவதாகிய சமநிலையைப் பாலி மொழி 'சமானத்ததா' என்னும். தன்னோடு ஒத்தவனாகப் பிறனை நடத்துதல் அதன் பொருள். தானம் கொடுப்பவன் மேலே நின்றும் கொடுக்கலாம். இன்சொல் பேசுவோன் திண்ணைமேல் அமர்ந்தும் பேசலாம். நான்காவது பண்பு சேர்ந்தால்தான் முதல் மூன்றும் நேராகின்றன.

வெண்ணிற முன்னாடையும் உண்மைக் கொத்தனும்

இதுவரை இசைவே கண்டோம். இனி வேறுபாட்டைக் காண்போம்.

லாட்ஜில் ஒவ்வோர் உறுப்பினனும் 'ஏப்ரன்' எனப்படும் வெண்ணிறத் தோல் முன்னாடையை இடுப்பிற் கட்டிக் கொள்கின்றான். கல்துகள் படாமல் காக்கக் கொத்தன் கட்டிய தொழிலாடையே அது. பிரபுவும் நீதிபதியும் தொழிலாளியின் ஆடையைப் பெருமையாக அணிவது சிறந்த காட்சிதான். ஆனால் கல் உடைத்து வாழ்ந்த உண்மைக் கொத்தன் அந்த அறையில் எங்கே அமர்ந்தான்? 1723-ஆம் ஆண்டுச் சட்டநூல், உறுப்பினராவோர் சுதந்திரராய்ப் பிறந்தவராக இருத்தல் வேண்டும், அடிமைகளும் பெண்களும் சேர்க்கப்படார் என்று விதித்தது. தொழிலின் சின்னத்தை மதித்தோர், தொழிலாளியை மறந்தனர்.

நம் மக்களுக்கு இது கதையன்று. கோலார் தங்கவயலில் மூவாயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறையைத் துளைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் உழைப்பாளர். அவர்களிற் பலர் ஊரில் தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்டோர். 2001-இல் அச்சுரங்கங்கள் மூடப்படும்வரை அவ்வுழைப்பு தொடர்ந்தது. உளியும் சுத்தியலும் நம் பெரியோர்க்கு உவமைகள் அல்ல. கை காய்ப்பதற்கும் நுரையீரல் கெடுவதற்கும் காரணமாயிருந்த பொருள்கள். ஆதலின், கருவியை வைத்து நீதி சொல்பவரிடம் 'கருவியைப் பிடித்தவனுக்கு உம் அவையில் இடம் எது?' என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இந்தியாவில் இக்கேள்விக்குக் கிடைத்த விடையைப் பாருங்கள். கருநாடக நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா திருச்சிராப்பள்ளியில் 1770-களிலேயே உறுப்பினராக்கப்பட்டார். அரசகுமாரனுக்குக் கதவு விரைவில் திறந்தது. கல்கத்தாவைச் சேர்ந்த பிரசன்ன குமார் தத்தர் என்னும் வங்காளி வணிகரோ, 1863 முதல் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் முயன்று 1872-இல்தான் உள்ளே செல்ல இயன்றது. பல தெய்வம் வணங்கும் இந்து, ஒரே இறைவனை ஏற்கும் சங்கத்தில் எவ்வாறு சேர்வான் என்பது எதிர்த்தோர் கூறிய நியாயங்களுள் ஒன்று.

அமெரிக்காவில் நடந்தது இதனினும் கொடிது. பாஸ்டன் நகரில் 1775-ஆம் ஆண்டு பிரின்ஸ் ஹால் என்பவரும் அவரோடு பதினான்கு கறுப்பின மக்களும், பிரிட்டிஷ் படையைச் சார்ந்த லாட்ஜ் ஒன்றில் உறுப்பினராயினர். 1784-இல் இங்கிலாந்துத் தலைமை லாட்ஜ் அவர்களுக்குத் தனி லாட்ஜ் நடத்த உரிமைப் பட்டயம் அளித்தது. ஆனால் அதே நாட்டில், அதே கருவிகளை வைத்து, அதே சமத்துவத்தை ஓதிய வெள்ளையர் லாட்ஜுகள் அவர்களைச் சகோதரராக ஏற்க மறுத்தன. கனெக்டிகட் மாநிலத் தலைமை லாட்ஜ் 1989-இல் அவர்களை அங்கீகரித்த பின்னரே பிற மாநிலங்களும் ஒவ்வொன்றாய் முன்வரலாயின. இருநூறு ஆண்டுகளாக ரசமட்டம் மேசையின்மேல்தான் இருந்தது. அதனை எடுத்துத் தரையில் வைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

பந்தி இல்லாத சகோதரர்

ஆங்கிலக் கவிஞர் ருட்யார்ட் கிப்ளிங் 1886-இல் இலாகூரில் லாட்ஜ் உறுப்பினரானார். தமக்குத் தாயாயிருந்த லாட்ஜைப் பற்றி அவர் பாடிய பாட்டு ஒன்று 1896-இல் வெளிவந்த தொகுதியில் இடம்பெற்றுள்ளது. பல சமயத்தாரும் பல தொழிலாரும் அங்கே ஒரே மட்டத்தில் அமர்ந்ததை அவர் அன்போடும் ஏக்கத்தோடும் நினைவுகூர்கின்றார். வெளியே ஐயா என்று விளித்து வணங்கினோர், உள்ளே சகோதரர் என விளித்தனராம். அப்பாட்டிலேயே மற்றொரு செய்தியும் உண்டு: உறுப்பினர் எவருடைய சாதிக்கும் பழுது வந்துவிடக் கூடாதென்று அந்த லாட்ஜில் விருந்து நடத்துவதில்லையாம்.

கவிஞர் இதனைக் குறையாகக் கூறவில்லை. ஆயினும் இதற்குமேல் ஒரு விளக்கம் வேண்டுமோ? ஒரே தரையில் நிற்கலாம், ஒரே கருவியைத் தொடலாம், ஒரே சத்தியம் செய்யலாம். ஒரு பிடிச் சோற்றை மட்டும் சேர்ந்து உண்ணலாகாது! கதவுக்கு வெளியே 'ஐயா', கதவுக்கு உள்ளே 'சகோதரா' என்னும் ஏற்பாட்டில், கதவுக்கு உள்ளேயும் சாதி ஓர் இருக்கை பெற்றுவிட்டது. அங்கு வந்தோர் தீயோர் என்று நாம் சொல்லவில்லை. அவர்களிற் பலர் நல்லோராகவே இருந்திருப்பர். வாரத்தில் ஒரு மாலை சமத்துவத்தை நடித்துப் பார்த்தவனுக்கு, மற்ற நாட்களில் அதனைக் கடைப்பிடியாதது உறுத்துவதில்லை என்பதே நாம் காணும் நீதி. மருந்தை மோந்து பார்த்தவன் உண்டதாக எண்ணிக் கொள்வது போன்றது இது.

அரசியலில் சமத்துவமும் சமுதாயத்தில் ஏற்றத்தாழ்வும் கொண்ட முரண்பட்ட வாழ்வினுள் நாம் நுழைகின்றோம் என்று, 1949-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் அம்பேத்கர் எச்சரித்தார். நாடு முழுவதற்கும் அவர் கூறிய அவ்வெச்சரிக்கை, ஒரு சிறிய அறைக்கும் பொருந்துவதைக் காண்கின்றோம். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகிய மூன்றையும் தாம் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து பெறவில்லை, தம் ஆசானாகிய புத்தரிடமிருந்தே பெற்றதாக 1954-இல் வானொலியில் அவர் கூறியதன் பொருளும் இங்கே விளங்கும்.

மூடாத கை

பகவன் தம் இறுதி நாட்களில் ஆனந்தரிடம் கூறியது மகாபரிநிப்பான சூத்திரத்தில் உள்ளது. உள்ளே உள்ளவர்க்கு ஒன்று, வெளியே உள்ளவர்க்கு ஒன்று என்று பிரிக்காமல் தம்மத்தைப் போதித்ததாகவும், எதையோ மறைத்து வைத்துக்கொள்ளும் ஆசிரியனின் மூடிய கை தம்மிடம் இல்லை என்றும் அவர் கூறினார். சூரியனும் சந்திரனும் போலத் தம்மமும் வெளிப்படையாய் ஒளிர்வது என்று மற்றோரிடத்தில் அருளினார்.

சாக்கிய இளவரசர்கள் துறவு பூண வந்தபோது, தங்களுக்கு மயிர் வினை செய்து வந்த உபாலிக்கு முதலில் துறவு தருமாறு அவர்களே வேண்டினர். மூத்தோனாகிவிட்ட அவனைத் தாங்கள் எழுந்து வணங்க நேரும். அதனால் தம் குலச்செருக்கு அடங்கும் என்றனர். அவ்வாறே நடந்தது. இங்கு ரசமட்டம் வெறும் சின்னமாயில்லை. இளவரசனின் முழங்கால் மடங்கிற்று; தலை தாழ்ந்தது. அதன்பின் உபாலி விநயத்தில் தலைசிறந்தவராகப் போற்றப்பட்டார்.

'பிக்கு சங்கத்திலும் விலக்குகள் உண்டே; கடன்பட்டவனையும் விடுதலை பெறாத அடிமையையும் சேர்க்கவில்லையே; மகாபிரசாபதி கோதமி மும்முறை வேண்டிய பின்னரன்றோ பெண்களுக்கு இடம் கிடைத்தது' என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது, அதனை மறைத்தல் நமக்கு அழகன்று. துறவு வாழ்க்கையில் நுழைவதற்குச் சங்கம் விதிகள் வைத்ததும், அவற்றுட் சில அக்காலச் சமுதாயத்தின் தளையைச் சுமந்ததும் உண்மையே. ஆனால் தம்மத்தைக் கேட்பதற்கும், அறிவதற்கும், அதன்படி வாழ்ந்து விடுதலை பெறுவதற்கும் எவருக்கும் தடையிருந்ததில்லை.

பின்வந்த பௌத்தர் இக்கையை மூடியதும் உண்டு. இலங்கையில் 1753-இல் சியாம் நாட்டுப் பிக்குகளின் துணையால் உபசம்பதை மீண்டும் நிறுவப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அது கொவிகம என்னும் உயர்ந்த சாதியார்க்கே உரியதென்று ஆக்கப்பட்டது. மற்றச் சாதியார் பர்மாவின் அமரபுரத்திற்குக் கடல் கடந்து சென்று, 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உபசம்பதை பெற்றுத் திரும்பித் தனி நிகாயம் அமைக்க வேண்டியதாயிற்று. புத்தரின் பெயரும் சாதியைத் தானே தடுத்துவிடாது. கதவைத் திறந்து வைப்பது ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகச் செய்ய வேண்டிய வேலை.

நம் வரலாற்றிலேயே நல்ல எடுத்துக்காட்டும் உண்டு. கர்னல் ஆல்காட் அமெரிக்காவில் பிரீமேசன் உறுப்பினராயிருந்தவர். 1880-இல் இலங்கைக் காலியில் பஞ்சசீலம் ஏற்றார். 1894 முதல் சென்னையில் ஒதுக்கப்பட்டோர் பிள்ளைகட்கு இலவசப் பள்ளிகள் திறந்தார். 1898-இல் பண்டிதர் அயோத்திதாசர் இலங்கை சென்று பஞ்சசீலம் பெறத் துணைநின்றார். லாட்ஜே அவரை இப்பணிக்கு ஏவிற்று என்று நாம் கூறவில்லை. சகோதரத்துவம் என்னும் சொல்லைக் கதவுக்கு வெளியே, சேரிப் பிள்ளையின் பலகை வரை கொண்டு சென்றார் என்பதே போதும்.

சேரலாமா?

இனி உபாசகரின் வினாவிற்கு நேர்விடை கூறுவோம்.

இந்தியத் தலைமை லாட்ஜைச் சார்ந்தவற்றுள் சேருவோர், பரம்பொருள் ஒன்று உண்டென்று நம்புவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். அதனை 'அண்டத்தைச் சமைத்த பெருஞ்சிற்பி' என்னும் பொருள்பட அவர்கள் அழைப்பர். பிரான்சு நாட்டுப் பெரிய லாட்ஜ் ஒன்று 1877-இல் இந்நிபந்தனையை நீக்கிற்று. அதனாலேயே இங்கிலாந்தார் அதனோடு உறவை முறித்தனர். ஆகவே இது பெயரளவுக்கான சொல்லன்று. அவர்கள் உயிர்நிலையாகக் கருதுவது. பௌத்தனோ வீடு கட்டும் கொத்தனைத் தேடி, அவன் வெளியே இருக்கும் தெய்வமல்லன், தன் வேட்கையே என்று கண்டவனுடைய மாணவன். படைப்போன் ஒருவனை நம்பாதவன், உள்ளே செல்லும் ஆசையால் 'நம்புகிறேன்' என்று சொல்வானாயின், நான்காம் சீலம் வாயிலிலேயே முறிந்துவிடும். மூலைமட்டத்தைக் கையில் வாங்குமுன்னரே வளைத்தவன், அதைக்கொண்டு எதை அளப்பான்?

ஆகையால், தன் கொள்கையை மறையாது எடுத்துரைத்து, அவ்வாறே ஏற்கப்படுவோன் சேர்வது அவனவன் உரிமை. அதனைத் தடுக்க நமக்கு ஆணையும் இல்லை, எண்ணமும் இல்லை. பொய் சொல்லியோ, மௌனத்தால் ஏமாற்றியோ சேர்வது தகாது. பதவியும் பழக்கமும் பெறும் பொருட்டுச் சேர்வதோ, அச்சங்கத்தின் விதிக்கே முரணானது.

நம் வீட்டுக் கதவு

பிறர் கதவைப் பற்றி இவ்வளவு பேசினோம். இனி நம் கதவைப் பார்ப்போம். இக்கட்டுரையின் நோக்கமே அதுதான்.

நம் விகாரையில் ஞாயிறுதோறும் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதுகின்றோம். தரையில் ஒன்றாக அமர்கின்றோம். வெளியே வந்து செருப்பை அணிந்த பின் நாம் யார்? மகளுக்கு மணம் பேச வருவோரிடம் பழைய உட்பிரிவை மெல்ல விசாரிப்பவர் நம்முள் இல்லையா? வைசாக விழாவில் அதிகாரிக்கு முன்வரிசை நாற்காலியும், துப்புரவுத் தொழிலாளிக்குப் பின்னால் நிற்கும் இடமும் தருவது இல்லையா? சமையலும் கோலமும் பெண்களுக்கு, தீர்மானமும் ஒலிபெருக்கியும் ஆண்களுக்கு என்று பிரிப்பது இல்லையா? நல்ல வேலை கிடைத்து வேறு பகுதியில் குடியேறியவர், பழைய தெருவிலிருந்து வரும் உறவினரைக் கண்டு முகம் திருப்புவது இல்லையா?

வாடகை வீட்டை இழப்போமோ என்று அஞ்சித் தன் பிறப்பைச் சொல்லாதிருப்பவனை நாம் குறை கூறோம். அவனை அஞ்ச வைத்த சமுதாயமே குற்றவாளி. ஆனால் அஞ்சத் தேவையில்லாத இடத்தில், நம்மவரிடமே, மேல் கீழ் காண்பவனுக்கு என்ன விடை உண்டு? அவன் நம் விகாரையை லாட்ஜாக ஆக்குகின்றான். உள்ளே சகோதரன், வெளியே அந்நியன்.

1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் எடுக்கப்பட்ட 22 உறுதிமொழிகள் திறந்த வெளியில், இலட்சக்கணக்கானோர் முன்னிலையில் எடுக்கப்பட்டவை. மனிதர் யாவரும் சமம் என நம்புவேன் என்பதோடு அவை நில்லாமல், சமத்துவத்தை நிலைநாட்ட முயல்வேன் என்றும் உறுதி கூறச் செய்தன. நம்புதல் ஒரு மாலைப் பொழுதில் முடியும். முயலுதல் முடிவதில்லை.

செய்யக் கூடியவற்றைச் சொல்வோம். விகாரையில் வந்த முறைப்படி அமர்வோம். பதவிக்கு நாற்காலி வேண்டா. பௌர்ணமிதோறும் ஒரே பந்தியில் உண்போம். பரிமாறுவோர் முறை வைத்து மாறட்டும், தலைவரும் அம்முறைக்கு உட்படட்டும். சங்கத்தின் வரவு செலவை எல்லோரும் கேட்கப் படிப்போம். மூடிய கை கணக்கிலும் கூடாது. நிர்வாகக் குழுவில் பெண்களுக்குச் சரிபாதி இடம் தருவோம். மணப்பேச்சில் உட்பிரிவு கேட்போரைத் தனியே அழைத்து அன்போடு திருத்துவோம். பௌத்தர் அல்லாத அண்டை வீட்டாரையும் விழாவுக்கு அழைப்போம். 24 அங்குல அளவுகோலில் ஓர் அங்குலத்தை, நாள்தோறும் ஒரு மணி நேரத்தை, படிக்க இயலாத பிள்ளைக்குப் பாடம் சொல்ல ஒதுக்குவோம்.

கொத்தர் கைவண்ணத்தைக் காண விரும்புவோர் சாஞ்சிக்குச் சென்று காணலாம். அங்கே தெற்குத் தோரணத்தில், விதிசை நகரத்துத் தந்தத் தொழிலாளர் தம் கையாற் செதுக்கித் தந்ததை ஒரு கல்வெட்டுக் கூறுகின்றது. அதே தோரணத்தில், சாதகர்ணி மன்னனின் கைவினைஞர்க்குத் தலைவனாயிருந்த ஆனந்தன் என்பவனின் பெயரும் உள்ளது. சுற்றிலும் பிக்குணிகள், இல்லறப் பெண்கள், வணிகர், தொழிலாளர் எனக் கொடை தந்த நூற்றுக்கணக்கானோர் பெயர்கள் யாவரும் காணுமாறு கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே கொத்தன் உவமையாக நிற்கவில்லை, பெயரோடு நிற்கின்றான். நான்கு திசைக்கும் நான்கு தோரண வாயில்கள் உண்டு. அவற்றில் எதற்கும் கதவு இல்லை.

நம் முன்னோர் கட்டிய முறை அது. நாமும் அவ்வாறே கட்டுவோமாக.